பஞ்சு என்று கூப்பிட்டவர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் மகள் பஞ்சுவும் எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. மழை விட்டு எவ்வளவு நாளாகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தறிச் சத்தம் உங்கள் காதைத்தானே வாங்கிக்கொண்டது, கையையுமா? காது போனதால்தான் நாம் போனை விட்டுக் கடிதத்துக்கு வந்தோம். இதையும் விட்டால் அப்புறம் ஊருக்கு ஊர் கொடியாட்டித்தான் பேச வேண்டும்.

இவருக்கு முழங்கால் வலி. லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது. ஆறு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினால் ஏனென்று கேட்க ஆள் இல்லை. இந்தச் சுவர்கள் அத்தனை கெட்டி. நம் தெருவில் நீங்கள் தீக்குச்சி உரசினால் எனக்கு இந்தப் பக்கம் கேட்கும். இங்கே பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்பதே வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்துத்தான் தெரிகிறது.

ஒரு சேதி. மில்லை இடித்தபோது பஞ்சுக் கிடங்கு மட்டும் தப்பியது அல்லவா, அதற்கு வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, கண்காட்சி மண்டபம் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே நம் தெரு இருக்கிறது, அக்கா! சாப்பாட்டு மேசை அளவுக்கு மரத்திலும் அட்டையிலும் செய்து வைத்திருக்கிறார்கள். ஓட்டுக்கூரை, சாக்கடை, சங்கு ஊதுகிற கம்பம் எல்லாம் அச்சு அசல். குழாயை மட்டும் தப்பான முனையில் வைத்துவிட்டார்கள். சொன்னேன். “பரவாயில்லம்மா, யாருக்குத் தெரியப்போகுது” என்றார் அங்கே இருந்த அதிகாரி. எனக்குத் தெரியுமே என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்து என்னை நாள் முழுக்கப் பேச வைத்தாள். இப்போது ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் ஒரு பொத்தான், பழைய போன் ரிசீவர் மாதிரி ஒன்று. அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டால், அந்த வீட்டைப் பற்றி என் குரல் சொல்லும். உங்கள் வீட்டுக்கும் ஒன்று இருக்கிறது. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை.

பஞ்சுவுக்கு என் அன்பு. பதில் போடுங்கள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவேன்.

உங்கள்
அடுத்த வீட்டுத் தங்கை

---

பிப்ரவரி 24

அன்புத் தங்கச்சிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, சோம்பல்தான். உன் கடிதம் வந்த அன்று என் வயசு பாதியாகக் குறைந்துவிட்டது. நம் தெருவை மேசை மேலா வைத்திருக்கிறார்கள்! அதை இடித்த அன்று, புல்டோசருக்கு முன்னால் உன் வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாரே, அந்த ஸ்டூலையும் செய்து வைத்திருக்கிறார்களா?

இங்கே பஞ்சுவின் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் எல்லாம் வேலை நிறுத்தம். இவள்தான் முன்னால் நிற்கிறாள். காலையில் தலையைக்கூடச் சரியாக வாராமல் ஆஸ்பத்திரி கேட்டுக்கு ஓடுகிறாள். தொண்டை கட்டிப்போய் வருகிறாள். அவள் கூட்டாளிகள் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சுவரில் அவள் அப்பாவின் படத்தைக் காட்டி, “எங்கப்பா மில்லுல ஃபிட்டர். வேலை நிறுத்தத்துலதான் அவருக்கு வேலை போச்சு. அந்த ரத்தம்தான் எனக்கு” என்று சொன்னாள். அவள் உதடு அசைந்ததை வைத்தே எனக்குப் புரிந்தது. நான் டீ ஆற்றிக்கொண்டு நின்றேன். உனக்குத் தெரியாததா.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அம்மா, சித்தி குரல்ல நம்ம வீட்டைப் பத்திக் கேக்கணும். போய்ட்டு வந்துருவோம்” என்கிறாள். பேச்சுவார்த்தை முடிந்து வேலை நிறுத்தம் ஓய்ந்ததும் கிளம்பி வருகிறோம். நீ பேசியதை நான் கேட்க முடியாது. அவள் கேட்டு எனக்குச் சொல்வாள். தம்பியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சும்மா திட்டிக்கொண்டே இருக்காதே.

அன்புடன்
அக்கா

---

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வருவதென்றால் எனக்குச் சந்தோஷம்தான், கேட்க வேண்டுமா. ஆனால் இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. வெயில் ஏறிவிட்டது. லிஃப்ட் சரியாகவில்லை. உங்கள் இடுப்புக்கு ஆறு மாடி ஆகாது. பஞ்சுவும் தொண்டை கட்டி, தூக்கம் கெட்டு இருப்பாள். பயணம் வேறு எதற்கு?

அந்தக் கண்காட்சியும் நான் எழுதின அளவுக்கு ஒன்றுமில்லை, அக்கா. முதல் கடிதத்தில் கொஞ்சம் அளந்துவிட்டேன். அட்டை வீடுகள்தான். பாதிப் பொத்தான் வேலை செய்வதில்லை. மழைக்காலத்துக்குப் பிறகு வேறு மாதிரி மாற்றி அமைக்கப் போகிறார்களாம், அப்போது வந்தால் நன்றாக இருக்கும். வேண்டுமானால் நான் அங்கே வருகிறேன். பஞ்சுவைப் பார்த்தும் வெகுகாலம் ஆகிறது.

ஸ்டூல் அங்கே இல்லை. அதை நாங்கள் இங்கே கொண்டுவந்துவிட்டோம். இவர் அதில்தான் உட்கார்ந்து ஷேவ் செய்கிறார்.

நீங்கள் வரவேண்டாம் என்று எழுதியதாக நினைக்கக் கூடாது.

உங்கள்
தங்கை

---

மார்ச் 14

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்கு உடம்பு சரியில்லையா? தம்பிக்கு ஏதாவதா? வா வா என்று வருஷமெல்லாம் எழுதியவள், வருகிறேன் என்றதும் வெயிலையும் மாடியையும் காட்டுகிறாய். நான் தறிக்கூடத்தில் நின்ற கால், ஆறு மாடி ஒரு பொருட்டா?

வேலை நிறுத்தம் முடியவில்லை. ஆனால் பேச்சுவார்த்தைக்காக நடுவில் சில நாள் இடைவெளி விட்டிருக்கிறார்களாம். அந்த இடைவெளியில் வந்துவிடலாம் என்கிறாள் பஞ்சு. என்றைக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. நீ சமையல் கிமையல் என்று ஓடாதே. பழைய ஆட்கள்தானே.

அக்கா

---

மார்ச் 22

அக்கா,

நீங்கள் கிளம்புவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, இவருக்கும் ஒன்றுமில்லை. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

அந்தப் பதிவுக்காரப் பெண் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சொன்னதெல்லாம் அவளுக்குச் சப்பென்று இருந்தது. குழாயடி, சங்கு, மழைக்கு ஒழுகுகிற ஓடு. தலையை ஆட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். “வேலை நிறுத்தம் நடந்தப்போ தெருவுல என்னம்மா ஆச்சு?” என்று கேட்டாள். அப்போது உங்கள் வீடு வந்தது.

சொல்லிவிட்டேன், அக்கா. கம்பெனிக்காரன் கழிவுப் பஞ்சு ஏற்றுகிற லாரியில் நாலு பேரை ஒளித்து வேலைக்கு மில்லுக்குள்ளே கொண்டுபோனதைச் சொன்னேன். அதில் பஞ்சுவின் அப்பாவும் இருந்ததைச் சொன்னேன். சாயங்காலம் தெருமுனையில் அவர் இறங்கியபோது தலை, மீசை, புருவமெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்ததை நடித்தே காட்டினேன். “பஞ்சு மூட்டை வந்துருச்சு டோய்” என்று தெருவே கத்தியது, அன்றிலிருந்து அது பஞ்சு வீடு, குழந்தைக்குப் பேர் பஞ்சு. அதையும் சொன்னேன். கருங்காலி என்ற வார்த்தையும் என் வாயிலிருந்து வந்தது. “நாங்க யாரும் அவங்ககூட முகம் குடுத்துப் பேசல” என்று, ஏதோ சாதித்த மாதிரி.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததும் நானும் சிரித்தேன். அதுவும் பதிவில் இருக்கிறது.

அண்ணன் ஏன் போனார் என்பதை நான் சொல்லவில்லை. குழந்தைக்கு நெஞ்சு கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததையும், வேலைக்கு வராதவன் வீட்டுப் பிள்ளைக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் கதவு திறக்காது என்று சொன்னதையும் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. கதை அந்தச் சிரிப்பில் நன்றாக முடிந்துவிட்டது. அதற்கு மேல் சொன்னால் கெட்டுப்போகும் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான்.

திறப்பு நாளில் இவரும் கூட வந்து கேட்டார். வீடு திரும்பினோம். மாடிப்படியில் நின்றுகொண்டு, “அதை ஏன் சொன்ன?” என்றார். “நீங்கதானே அன்னிக்கு முதல் ஆளா கத்தினீங்க” என்றேன். “அன்னிக்கு அவன் எதிர்ல நின்னான். திருப்பிக் கத்தியிருக்கலாம். இன்னிக்கு அவன் எங்க இருக்கான்?” என்றார்.

அதை எடுத்துவிடச் சொல்லி மண்டபத்துக்கு மூன்று முறை நடந்தேன். எல்லோரும் நின்று கேட்பது அது ஒன்றைத்தானாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள்.

பஞ்சுவை அழைத்து வராதீர்கள், அக்கா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன்.

தங்கை

---

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நாங்கள் வந்து போய்விட்டோம்.

உன்னிடம் சொல்லாமல் வந்து நின்று உன்னைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்பது அவள் யோசனை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மண்டபத்துக்குப் போனோம், அங்கிருந்து உன் வீடு என்று திட்டம். நம் வீட்டை நான்தான் அவளுக்குக் காட்டினேன். அவள் குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள், உள்ளே யாரோ இருக்கிற மாதிரி. பிறகு பொத்தானை அழுத்தினாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தானே எனக்கு எதுவும் கேட்கிறது. முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பை எடுக்க மறந்தவள் போல அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடி அழுத்தினாள். நான் அவளிடமிருந்து ரிசீவரை வாங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் கேட்காது என்று தெரியும். ஆனால் லேசாக அதிர்ந்தது. நீ பேசிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

“சித்தி என்னடி சொல்றா?” என்று கேட்டேன்.

“நாம நல்லா இருந்தோம்னு சொல்றாங்கம்மா” என்றாள். பிறகு தலை வலிக்கிறது, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றாள். உன்னைப் பார்க்காமல் போகிறோமே என்று பஸ்ஸில் நான்தான் அவளைக் கோபித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்டுக்குப் போனாள். ஆனால் முன்னால் நிற்கவில்லை. பின்வரிசையில் நின்றாளாம். சுவரில் அப்பா படத்துக்குக் கீழேதான் எப்போதும் சாப்பிடுவாள், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னவென்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன். அவளும் படித்தாள்.

“எனக்கு ஏன் பஞ்சுன்னு பேருன்னு சின்னதுல கேட்டப்போ, கன்னத்தைக் கிள்ளினியேம்மா. பஞ்சு மாதிரி மெத்துனு இருக்குன்னு சொன்னியே” என்றாள். அதற்கு மேல் அவள் உதட்டை என்னால் படிக்க முடியவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆமாம், சொன்னேன். தெருப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கத்தியபோது அவளுக்கு அர்த்தம் புரியாத வயசு. புரிவதற்குள் நான் முந்திக்கொண்டேன். அந்தச் சொல்லை எடுத்துத் துவைத்துக் காயவைத்து என் பிள்ளைக்கு நானே போட்டுவிட்டேன். அவள் அப்பாவும் அதையேதான் சொல்லிக் கூப்பிட்டார், ஒவ்வொரு முறையும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள். அப்பாவுக்கு வேலை நிறுத்தத்தில் வேலை போனது என்றேன். அது பொய் இல்லை. வேலை நிறுத்தம் முடிந்து எல்லோரும் உள்ளே போனபிறகு, இவனோடு நின்று வேலை செய்ய மாட்டோம் என்றார்கள், கம்பெனியும் அவரைக் கைவிட்டது. பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியை ஒருநாள் நானே உட்கார வைத்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அந்த நாளை நீ எடுத்துக்கொண்டாய்.

நடந்ததைச் சொன்னாயே என்று எனக்குக் கோபம் இல்லை. நடந்தது நடந்ததுதான். அவர் அன்று உள்ளே வேலைக்குப் போனது சரி என்று அவரே ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நீ சிரித்திருக்கிறாய்.

அந்த வருஷம் குழாயடியில் என் வாளியை நகர்த்தி வைத்தவர்களில் நீயும் ஒருத்தி. பிறகு உனக்கு வலி கண்ட அன்று, ஆண்கள் யாரும் இல்லாத நேரத்தில், சுவரைத் தட்டினாய். நான் வந்தேன். ஏன் தட்டினாய் என்று கேட்கவில்லை. இதற்கெல்லாம் பொத்தான் இருக்கிறதா?

கொஞ்ச காலம் நான் எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஏப்ரல் 20

அக்கா,

எழுத மாட்டேன் என்றீர்கள், எழுதாதே என்று சொல்லவில்லை. அந்த இடுக்கில் நுழைந்து இதை எழுதுகிறேன்.

பழைய பதிவை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் மறுபடி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் நெஞ்சு, ஆஸ்பத்திரிக் கதவு, வாளி, என் பிரசவம். இவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “அந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டுறது எங்களுக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தது. தெரிஞ்சேதான் கத்தினேன். எழுதிக்கங்க” என்றார். எழுதவில்லை, பதிவாகிறது என்று அவள் சொன்னாள். “அப்ப சரி” என்றார்.

நீளமாகிவிட்டது என்று அவள் வருத்தப்பட்டாள். நான் போய் ஓரமாக நின்று பார்த்தேன். இப்போது யாரும் கடைசிவரை கேட்பதில்லை. பாதியில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது எனக்குச் சரியான தண்டனைதான் என்று எழுத நினைத்தேன். அப்படி எழுதினால் அதுவும் என்னைப் பற்றித்தான் ஆகிறது. விட்டுவிடுகிறேன்.

தங்கை

---

ஜூன் 11

அக்கா,

நேற்று உங்கள் மகள் வந்திருந்தாள். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். என்ன நடந்தது என்று என் வாயாலும் நீங்கள் அறிய வேண்டும்.

மாடியேறி வந்து வாசலில் நின்றாள். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு நாக்கு எழவில்லை. “வாம்மா” என்றேன். இவர் எழுந்து நிற்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. அவளே போய் அவர் காலை மடக்கிப் பார்த்து, ஒரு மருந்தின் பேரைச் சொன்னாள். வேலை நிறுத்தம் முடிந்துவிட்டதாம், கேட்டதில் பாதி கிடைத்ததாம். நடுவில் வேலைக்குப் போய்விட்ட ஒரு நர்ஸோடு இப்போது யாரும் பேசுவதில்லையாம். “நீ பேசுறியா?” என்று கேட்டுவிட்டேன். “இன்னும் இல்ல சித்தி. தினமும் நினைக்கிறேன். கஷ்டமா இருக்கு” என்றாள். உங்கள் பெண் பொய் சொல்லவில்லை.

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். “அந்த லாரி விஷயம் வேண்டாம். அன்னிக்கு வீட்டுக்குள்ள வந்தப்புறம் அப்பா என்ன பண்ணினாரு? அம்மாகிட்ட கேட்டா, தூங்கிட்டாருன்னு சொல்றாங்க.”

நான் மறைக்கவில்லை, அக்கா. அவர் தூங்கவில்லை. அழுதார். ஆண்பிள்ளை அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முதலில் அது நீங்கள் என்றே நினைத்தேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும், என் முதுகுக்கு நேர் பின்னால் கேட்டது.

“கேட்டுச்சுன்னா நீங்க ஏன் சித்தி தட்டல?” என்றாள்.

எனக்கு அப்போது வயசு குறைவு, இவர் பக்கத்தில் இருந்தார், தெருவே ஒரு பக்கம் நின்றது என்று நிறையச் சொல்லியிருக்கலாம். டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவளும் வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்து முடித்தாள்.

கிளம்பும்போது, வீடு இருந்த இடத்தைக் காட்ட முடியுமா என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இப்போது மேம்பாலம். அடியில் கார் நிறுத்துகிறார்கள். எல்லாத் தூணும் ஒரே மாதிரி. சங்கு இங்கே, குழாய் அங்கே என்று நடந்து நடந்து பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆயுசில் பாதியை அங்கே கழித்தவள், ஒரு கல்லைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன் போலிருக்கிறது. அவள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று, “இங்கன்னு வெச்சுக்கலாம் சித்தி” என்றாள்.

அப்படியே வைத்துக்கொண்டு இருவரும் நின்றோம். ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. காவலாளி ஓடி வந்து, “ஏம்மா, வழியில நின்னா எப்படி?” என்றான்.

“இங்க எங்க வீடு இருந்துச்சு” என்றாள் அவள்.

“இருக்கட்டும்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றோம். அவள் கணக்குப்படி பார்த்தால் அந்த இடம் என் வீடு. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். கார் போய் வழி விட்ட பிறகும் அவள் திரும்பித் தூணுக்குப் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை என் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். நீங்களும் பதில் எழுத வேண்டும் என்று கேட்க மாட்டேன். பத்திரமாக வந்து சேர்ந்தாளா என்று மட்டும் தெரிய வேண்டும்.

தங்கை